வெட்டி வைத்த படம்

பயிற்சி நிலையத்தில் அவளை எல்லோரும் சித்தி என்றுதான் கூப்பிட்டார்கள். யாருக்கும் அவள் உண்மையான சித்தி கிடையாது. சோபா மெத்தை வேலை படிக்க வந்த கூட்டத்தில் அவள்தான் மூத்தவள், அவ்வளவுதான். முதல் வாரமே ஒருத்தி வாய் தவறி, "சித்தி, அந்தக் கத்திரிக்கோலக் கொடுங்க" என்று கேட்டுவிட்டாள். அதோடு பெயர் ஒட்டிக்கொண்டது. அப்படிக் கேட்டவள்தான் ஊசி. ஆள் ஒல்லி, பேச்சும் குத்தும். அதனால் அவளுக்கு அந்தப் பெயர்.

சித்தி அண்ணன் வீட்டில் இருந்தாள். கட்டியவன் ஒரு நாள் கிளம்பிப் போனான், போனவன் போனவன்தான். அண்ணனுக்குப் பெயிண்ட் கடை. கடையில் இடம் போதாத டப்பாக்களை எல்லாம் வீட்டின் பின்னறையில் அடுக்கியிருந்தார்கள். அந்த டப்பாக்களுக்கும் சுவருக்கும் நடுவில் சித்தியின் பாய். காலையில் எழுந்தால் பெயிண்ட் வாடையில் தலை கனக்கும். பகலெல்லாம் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பாள். சம்பளம் என்ற பேச்சே எழுந்ததில்லை. "நம்ம வீட்டுப் பொண்ணு, நம்ம கடை" என்று அண்ணி வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்வாள். இந்த 'நம்ம' என்ற சொல் இருக்கிறதே, அதை வைத்து எத்தனை பேரை எத்தனை வருடம் சும்மா உட்கார வைக்கலாம் என்று அந்த அண்ணியிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

மெத்தை வேலை படிக்கப் போகிறேன் என்று சித்தி சொன்னபோது வீட்டில் பெரிய சண்டை. கடைசியில் அண்ணன்தான் இறங்கி வந்தான். "ஒரு வருஷம் போய்ட்டு வா. முடிக்கும்போது கையில வேலை இருந்தா உன் வழியில போ. இல்லன்னா பழையபடி கல்லாவுக்கு வந்துடணும். அப்புறம் எதுவும் பேசக் கூடாது" என்றான். சித்தி சரி என்றாள். வேறு என்ன சொல்வாள்?

கையில் வேலை என்பது கனவு ஒன்றும் இல்லை. அந்த ஊரிலேயே பெரிய சோபாப் பட்டறையை நடத்தும் அம்மாள் ஆண்டுதோறும் தேர்வு நடத்த வந்து, யாருக்குச் சான்றிதழ் என்று சொல்லிவிட்டு, படிப்பை முடிக்கிறவர்களில் ஒரே ஒருவரைத் தன் பட்டறைக்கு எடுத்துக்கொள்வாள். யாரை எடுப்பது என்பதை டிஜிட்டல் போர்ட்ஃபோலியோவைப் பார்த்து முடிவு செய்வாள். வருடம் முழுக்கச் செய்த வேலைகளைப் படம் படமாக ஸ்லைடுகளில் கோத்து, அவள் முன்னால் ஓடவிட்டு, நின்று பேச வேண்டும். செய்த சோபாக்கள் எல்லாம் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்விட்டன. ஸ்லைடில் இருப்பதுதான் சாட்சி.

சுத்தியலுக்குப் பயப்படாத சித்தி மவுசுக்குப் பயந்தாள். முதலில் ஸ்லைடு செய்தபோது எழுத்துகள் பறந்து வரும் வசதி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். விடுவாளா? ஒவ்வொரு எழுத்தும் சுழன்று, குதித்து, மினுங்கி வந்து விழுந்தது. கம்ப்யூட்டர் டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"சித்தி, சோபாவப் பாக்க வர்றவங்களுக்கு மயக்கம் வந்துடும். ஒரு பக்கம், ஒரு படம், ரெண்டு வரி. போதும்."

சித்தி கற்றுக்கொண்டாள். பழைய நிலை ஒரு படம், வேலை நடக்கும்போது ஒரு படம், முடிந்தபின் ஒரு படம். படத்தை நகர்த்தவும் ஓரங்களை வெட்டவும் தெரிந்துவிட்டது. பின்னணியில் கிடந்த குப்பைத் தொட்டி, யாரோ கழற்றிப்போட்ட செருப்பு எல்லாவற்றையும் வெட்டித் தள்ளினாள். படத்தின் ஓரத்தில் தெரியும் கருப்புக் கோட்டைப் பிடித்து உள்ளே இழுத்தால் போதும், வேண்டாதது காணாமல் போனது. இப்படி ஒரு சௌகரியம் வாழ்க்கையில் இருந்திருந்தால் முதலில் யாரை வெட்டியிருப்பாள் என்று ஊசி கேட்க, இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அந்த ஆண்டு அவர்கள் இருவரும் சேர்ந்து செய்ததிலேயே பெரிய வேலை இறக்கை நாற்காலி. சாய்மானத்தின் இரண்டு பக்கமும் காது மாதிரி வளைந்து நிற்கும் பழங்கால நாற்காலி. அந்த வளைவில் துணி சுருங்காமல் உட்கார வேண்டும் என்றால் ஒருவர் மூச்சைப் பிடித்து இழுக்க வேண்டும், அதே நொடியில் இன்னொருவர் பின் அடிக்க வேண்டும். சித்தி முழங்காலை முட்டுக்கொடுத்து இழுத்தாள். ஊசி ஸ்டேப்ளர் கன்னை வைத்து அடித்தாள். ஒரு சுருக்கம் இல்லை. பக்கத்து மேசையில் கட்டில் தலைமாட்டுக்கு மெத்தை வைத்துக்கொண்டிருந்த, கூடப் படிக்கும் கட்டில்காரர் இருவரும் இழுத்து அடிப்பதைத் தன் போனில் படம் எடுத்து இருவருக்கும் அனுப்பினார்.

போர்ட்ஃபோலியோவுக்கு ஒரு விதி இருந்தது. கூட்டு வேலை என்றால் கூட்டாளியின் பெயரை அதே ஸ்லைடில் போட வேண்டும். கூட்டு வேலைக்குப் பாதி மதிப்பெண்தான் என்று ஒரு பேச்சு வகுப்பில் உலவியது. யார் கிளப்பியது என்று தெரியாது. இருவரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள்.

"நாற்காலிய நீயும் வைக்க வேணாம், நானும் வைக்க வேணாம். தனியா செஞ்சத மட்டும் வைப்போம்" என்றாள் சித்தி.

"சத்தியமா?" என்றாள் ஊசி.

"சத்தியமா."

சத்தியம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. சித்தி தன் ஸ்லைடுகளை ஓடவிட்டுப் பார்த்தாள். ஸ்டூல், திண்டு, இரண்டு சாதாரண சோபா. எல்லாம் சுத்தமான வேலைதான். ஆனால் பட்டறைக்கார அம்மாள் எழுந்து உட்கார்ந்து பார்க்கும்படி ஒன்றும் இல்லை. இதைக் கொண்டுபோனால் கல்லாதான் என்று அவளுக்குத் தெரிந்தது. சமர்ப்பிக்கும் நாளில், பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, இறக்கை நாற்காலிப் படத்தைச் செருகினாள். வலது ஓரத்துக் கருப்புக் கோட்டைப் பிடித்து இழுத்தாள். ஊசியின் கை போனது, ஸ்டேப்ளர் போனது, முகம் போனது. நாற்காலியும் சித்தியும்தான் மிச்சம். கீழே, 'முழுவதும் என் கைவேலை' என்று தட்டினாள். வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அனுப்பிவிட்டாள்.

தேர்வு நாள் காலையில் எல்லோரும் கம்ப்யூட்டர் அறையில் கடைசி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன் வரிசையில் ஒருத்தி, "ஐயோ டீச்சர், சோபாவோட காலையே வெட்டிட்டேன், இப்பதான் பாக்கறேன்" என்று அலறினாள்.

"எதுக்குக் கத்தற? வெட்டினது எங்கயும் போகாது. ஃபைலுக்குள்ளயேதான் ஒளிஞ்சிருக்கும். இந்தா, பழையபடி ஆக்குன்னு ஒரு பட்டன் இருக்கு பாரு" என்று சொல்லி டீச்சர் அதை அழுத்தினாள்.

படம் விரிந்தது. சோபாவின் கால் வந்தது, கூடவே தரை வந்தது, ஓரத்தில் நின்ற யாரோ ஒருவரின் கால் விரல்கூட வந்தது.

சித்தி எழுந்து நின்றுவிட்டாள். அவள் அனுப்பிய ஃபைல் பட்டறைக்கார அம்மாளிடம் இருக்கிறது. அந்த அம்மாள் ஒரு பட்டனை அழுத்தினால் ஊசி முழுசாக எழுந்து வருவாள், ஸ்டேப்ளரோடு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். அவள் டீச்சரிடம் போய்க் கேட்டாள்.

"டீச்சர், அனுப்பினத மாத்த முடியுமா?"

"முடியாது சித்தி, பூட்டியாச்சு. தப்பு ஏதாவது இருந்தா உங்க முறை வரும்போது நீங்களா வாயால சொல்லிடுங்க, ஏத்துக்குவாங்க. ஆனா அவங்க கேக்கறதுக்கு முன்னால சொல்லணும். கேட்ட அப்புறம் சொன்னா அது திருத்தம் இல்ல, மாட்டிக்கிட்டதுன்னு அர்த்தம்."

தேர்வு அறைக்கு வெளியே நீள நடைபாதை, சுவரோரம் பெஞ்சுகள். கதவில் ஒரு சிறு கண்ணாடி. சித்திக்குப் பக்கத்தில் ஊசி வந்து உட்கார்ந்தாள். மற்ற நாளாக இருந்தால் வாய் ஓயாது. இன்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். தெரிந்துவிட்டதோ என்று சித்திக்கு உதறல். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஊசி இருமினால்கூட அது தனக்குத்தான் என்று பட்டது.

"சித்தி" என்றாள் ஊசி திடீரென்று.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லா பேசுங்க."

உள்ளிருந்து அழைப்பு வந்தது. முதலில் சித்தி, அடுத்தது ஊசி.

அறையில் பட்டறைக்கார அம்மாளும் கம்ப்யூட்டர் டீச்சரும் மட்டும். அந்த அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வைத்துக்கொண்டு, "ஆரம்பிங்க" என்றாள். இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்த சித்தியின் வாய், "வணக்கம், இது என் முதல் ஸ்டூல்" என்று சொன்னது. ஸ்டூல் போனது. திண்டு போனது. சோபாக்கள் போயின. ஒவ்வொரு ஸ்லைடிலும் அடுத்ததில் சொல்கிறேன், அடுத்ததில் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே போனாள். நாற்காலி வந்துவிட்டது. பட்டறைக்கார அம்மாள் கண்ணாடியை மேலே ஏற்றினாள். கேட்பதற்காக விரலைத் தூக்கினாள்.

"இருங்கம்மா!" என்று சித்தி கத்தியேவிட்டாள். "நீங்க கேக்கறதுக்கு முன்னால நானே சொல்லிடறேன்."

மவுசைப் பிடித்து, காலையில் பார்த்த அந்தப் பட்டனை அழுத்தினாள். திரையில் ஊசி வந்து நின்றாள், நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, ஸ்டேப்ளரை அழுத்தியபடி.

"இழுத்துப் பிடிச்சது நான். பின் அடிச்சது அவ. நான்தான் அவள வெட்டிட்டேன். கீழ எழுதியிருக்கறது பொய்."

பட்டறைக்கார அம்மாள் படத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு தன் பக்கம் இருந்த இன்னொரு ஃபைலைத் திறந்து திரையில் போட்டாள். அதே நாற்காலி. அதே படம். இந்த முறை வலது பாதி. ஊசி இருக்கிறாள், ஸ்டேப்ளர் இருக்கிறது. துணியின் ஓரத்தில் மட்டும், வெட்டியது போக மிஞ்சியதாக, நாலு விரல். அவை தன் விரல்கள் என்று சித்திக்குப் புரிய ஒரு நொடி ஆனது. கீழே, 'நான் தனியாகச் செய்தது' என்று இருந்தது.

"நீங்க சொன்னீங்க. அந்தப் பொண்ணு சொல்றாளான்னு பாக்கணும். வெளிய போய் ஒரு வார்த்த பேசக் கூடாது, தெரியுதா?" என்றாள் அந்த அம்மாள்.

சித்தி வெளியே வந்தாள். காது இரண்டும் எரிந்தன. அடிப்பாவி, சத்தியமா என்று கேட்டவளே நீதானே என்று மனசு கொதித்தது. சத்தியமா என்று பதில் சொன்னது யார் என்பது அந்தக் கொதிப்பில் அவளுக்கு நினைவே வரவில்லை. மனிதர்களுக்குப் பிறர் தப்பு என்றால் அப்படி ஒரு கண் பார்வை.

"என்ன சித்தி கேட்டாங்க?" என்று ஊசி எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணும் கேக்கல. போ."

ஊசி உள்ளே போனாள். சித்தி பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்தாள், கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். திரையில் ஊசியின் ஸ்லைடுகள் ஓடின. பேசாமல் இருந்தால் போதும். அவள் பொய் சொல்வாள், மாட்டிக்கொள்வாள், வேலை தானாகச் சித்தியின் மடியில் விழும். பின்னறை, டப்பா, கல்லா எல்லாவற்றுக்கும் ஒரு கும்பிடு. நாற்காலி ஸ்லைடு வந்தது. நாலு விரல் மட்டும் இருக்கும் அந்தப் படத்தை இரண்டாவது முறை பார்த்ததும் சித்தியால் நிற்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"அது என் கை! இழுத்துப் பிடிச்சது நான்னு சொல்லுடி! படத்த விரிச்சுக் காட்டு!"

ஊசி திறந்த வாயோடு அப்படியே நின்றாள். சித்தியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். பட்டறைக்கார அம்மாள் கேட்டாள்: "இவங்க சொல்றது உண்மையா?"

"ஆமா" என்றாள் ஊசி, யாருக்கும் கேட்காத குரலில்.

தீர்ப்பு அங்கேயே வந்தது. ஊசி கேட்கும் முன் சொல்லவில்லை, ஆகவே சான்றிதழ் கிடையாது, இன்னொரு வருடம் படிக்க வேண்டும். சித்தியைப் பார்த்து அந்த அம்மாள், "கதவத் தட்டாம வந்தது தப்புதான். ஆனா நீங்களா முன்வந்து சொன்னீங்க. சாயங்காலம் உங்களுக்கு நல்ல சேதி வரும்" என்றாள்.

நடைபாதையில் ஊசி சுவரில் சாய்ந்து நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் சித்திக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க என்னைய வெட்டினீங்க, நான் உங்கள வெட்டினேன். கணக்கு சரியாப் போச்சு. என் முறையில எதுக்கு உள்ள வந்தீங்க?"

"நீ பொய் சொல்லி மாட்டிக்கக் கூடாதுன்னுதான்..."

"நான் சொல்லத்தான் போனேன் சித்தி. அவங்க இன்னும் கேக்கவே இல்ல. சொல்ல வாயத் திறந்தேன், நீங்க கதவத் திறந்தீங்க. இப்ப நீங்க நல்லவங்க, நான் திருடி."

 ஊசி வாயைத் திறந்தபடி நின்றது சித்தியின் கண்ணுக்குள்ளேயே இருந்தது. அது சொல்வதற்காகத் திறந்த வாயா, பயத்தில் திறந்த வாயா, யார் கண்டார்கள்? நல்ல சேதி வரப்போகிறது. சாயங்காலம் வரை சும்மா இருந்தால் போதும். அவள் சும்மா இருக்கத்தான் பார்த்தாள். நடைபாதையின் அந்தக் கோடிவரை நடந்துபோனாள், திரும்பி வந்தாள். ஊசியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், இந்த முறை கதவைத் தட்டினாள்.

"அம்மா, இவ சொல்லத்தான் போனா. நான்தான் குறுக்க பூந்து கெடுத்துட்டேன். எனக்கு என்ன எழுதினீங்களோ அதையே இவளுக்கும் எழுதுங்க."

பட்டறைக்கார அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அவ சொல்லத்தான் போனான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்" என்றாள் சித்தி.

"கேளுங்கம்மா. காலையில வெட்டின படத்தோட வந்தீங்க. அப்புறம் நீங்களே விரிச்சீங்க. அப்புறம் கதவ உடைச்சுக்கிட்டு வந்து காட்டிக் கொடுத்தீங்க. இப்ப தாங்கிப் பிடிக்கறீங்க. இதுல எந்த அம்மாவ நான் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போறது?"

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சான்றிதழ் ரெண்டு பேருக்கும் கொடுக்கச் சொல்றேன். வேலையப் பத்தி இனிமே எங்கிட்ட கேக்காதீங்க."

சாயங்காலம் வேலை கட்டில்காரருக்குப் போனது. அவருடைய ஸ்லைடுகளில் பலகை தூக்கிக் கொடுத்தவர், டீ வாங்கி வந்தவர் வரை எல்லோர் பெயரும் இருந்ததாம். மனிதர் இருவரிடமும் வந்து வருத்தத்தோடு கைகொடுத்துவிட்டுப் போனார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளிப்படையாக அழுதாள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அழுதாள். ஊசி தன் நிறுத்தத்தில் இறங்காமல் அவள் பக்கத்திலேயே இருந்தாள்.

"சித்தி, நான் சொல்லத்தான் போனேன்னு நிஜமாவே நம்பினீங்களா?"

"பாதி நம்பினேன்."

"அப்ப மீதிப் பாதி?"

"உன்னக் காப்பாத்தணும்னு நான் கதவத் திறக்கலடி. ஆத்திரத்துல திறந்தேன். ரெண்டாவது தடவ வந்து அந்தக் கடனத் தீர்த்தேன், அவ்வளவுதான்."

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. ஊசி முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நான் சொல்லப் போகல சித்தி. தனியா செஞ்சேன்னுதான் சொல்லப் போனேன்."

சித்தி திரும்பிப் பார்த்தாள். பிறகு ஊசியின் தலையில் ஒரு குட்டு வைத்தாள். செல்லக் குட்டு இல்லை, நல்ல பலமான குட்டு. பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னொண்ணு வைங்க" என்றாள் ஊசி, கண்ணில் நீரோடு.

"வச்சா எனக்கு வேல கெடைச்சிடுமா? நாளையிலிருந்து நான் அந்தக் கல்லாவுல போய் உக்காரணும். ஏன் கெடைக்கலன்னு எங்க அண்ணி கேப்பா. நான் என்னன்னு சொல்லுவேன்? நீ வந்து சொல்லு."

கோபத்தில் சொன்னதுதான். வருவாள் என்று சித்தி எதிர்பார்க்கவில்லை. மறுநாள் காலை அண்ணன் கடையைத் திறக்கப் போகும் முன்பே வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். அண்ணி திறந்தாள். ஒல்லியாக ஒரு பெண், எண்ணெய் வைத்துத் தலையை அழுத்தி வாரிக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவள்போல விறைப்பாக நின்றாள்.

"யாரும்மா நீ?" என்றாள் அண்ணி.

"சித்தியோட வேலையக் கெடுத்தவ" என்றாள் ஊசி.